டுமுக்கானின் தேதி

நடுவர் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று மாலினி சொல்லியிருந்தாள், அதனால் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மதியம் மூன்று மணி, சாப்பிட்ட பொங்கல் கண்ணை இழுக்கிறது, பட்டுப்புடவையின் கொசுவம் இடுப்பில் உறுத்துகிறது, எதிரே நான்காவது மாடி அரங்கு முழுக்க வேட்டியும் தாவணியுமாக என் அலுவலகம் உட்கார்ந்து விசிலடிக்கிறது. எல்லாக் காலத்துக்கும் தலைசிறந்த வீடியோ கேம் கருவி பழைய டிவி கேமா, பி.எஸ். டூவா என்று பட்டிமன்றம். பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் வேண்டும், மாமியாரா மருமகளா என்று வைத்தால் இந்தப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள் என்று இந்தத் தலைப்பு. “கோகிலா, உனக்குத்தான் இதுல ஒண்ணும் தெரியாதே, அதனால நீதான் நடுநிலை” என்றாள் மாலினி, மனிதவளத் துறைக்காரி, யாரிடமும் முடியாது என்ற சொல்லைக் கேட்காதவள். தெரியாது என்று நான் எப்போது சொன்னேன். பதினெட்டு வருஷமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறேன், யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, சொல்லாதது தெரியாதது ஆகிவிட்டது. ஷெரின் பேசுகிறாள், டிவி கேம் அணி, நாகர்கோவில் பெண், கையை வீசி வீசிப் பேசுகிறாள். “நடுவர் அவர்களே! எங்க கருவியில சேமிச்சு வைக்கிற வசதியே கிடையாது. கேசட்டைக் கழட்டி ஒரு ஊது ஊதி மாட்டினா எல்லாமே முதல்ல இருந்துதான். கரண்ட் போச்சா, எட்டாவது கட்டத்துல நின்னவனும் ஒண்ணாவது கட்டத்துக்கு வரணும். மூணு உயிர். போனா போனதுதான். வாழ்க்கைன்னா என்னன்னு சொல்லிக்கொடுத்த கருவி இதைத் தவிர வேற உண்டா?” கைதட்டல். நானும் தட்டுகிறேன். போனா போனதுதான். நல்ல வரி, எழுதிக்கொள்ள வேண்டும், தீர்ப்பில் இரண்டு அணியிலிருந்தும் இரண்டு வரியாவது சொன்னால்தான் நடுவர் தூங்கவில்லை என்று நம்புவார்கள். பேனா எழுதவில்லை. உதறுகிறேன். போனா போனதுதான், போனா போனதுதான் என்று காகிதத்தில் மையில்லாமல் பள்ளம் விழுகிறது.

அடுத்து கௌசிகன். என் குழுவில்தான் இருக்கிறான், முப்பது வயது, போன வருஷம் கல்யாணமானவன், குளித்தலைக்காரன், எங்கள் கரூருக்குப் பக்கம் என்பதால் என்னை மேடம் என்று கூப்பிடாமல் அக்கா என்பான். மைக்கைத் தட்டிப் பார்க்கிறான். “எதிரணித் தோழி சொன்னாங்க, போனா போனதுதான்னு. எங்க பி.எஸ். டூல போனது போகாதுங்க, நடுவர் அவர்களே. அதுக்கு ஒரு சின்ன மெமரி கார்டு இருக்குது, தீப்பெட்டியில பாதி. அது ஞாபகம் வெச்சுக்கும். ஒரு உண்மைச் சம்பவம் சொல்றேன். நான் ஒம்பதாவது படிக்கிறப்ப எங்க மாமா கரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு ரிப்பேர் கடையில இருந்து பழைய பி.எஸ். டூ வாங்கிட்டு வந்தாரு. கூடவே ஒரு கார்டு. போட்டுப் பார்த்தா, அதுல யாரோ ஒருத்தர் விளையாடி வெச்ச கேம் இருக்குது. வாள் எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போற கதை. அறுபத்து மூணு மணி நேரம் விளையாடியிருக்காரு. முன்னப்பின்ன தெரியாத மனுசன். எத்தனை நாள் அந்த ஆளோட வாளை வெச்சு நான் ஊரைச் சுத்தியிருக்கேன் தெரியுங்களா? ஆனா சேமிக்க மாட்டேன். அவர் நிறுத்தின இடம் அப்படியே இருக்கட்டும்னு விட்டுருவேன். இன்னைக்கும் எங்க வீட்டுல இருக்குது. வீரனுக்கு அவர் வெச்ச பேர் என்ன தெரியுங்களா? டுமுக்கான்!” அரங்கம் சிரிக்கிறது. பின்வரிசையில் ஒருவன் டுமுக்கான் டுமுக்கான் என்று கத்த, இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்கிறார்கள். நான் சிரித்த முகமாக இருக்கிறேன். இருக்கிறேன்தானே. கன்னம் இழுத்துப் பிடித்தபடி நிற்கிறது, உதடு பல்லில் ஒட்டிக்கொண்டுவிட்டது. உலகத்தில் ஒரே ஒரு டுமுக்கான்தான். என் தம்பி, மூன்று வயதில் துப்பாக்கி என்று சொல்ல வராமல் டுமுக்கி டுமுக்கி என்றவன், அதனால் டுமுக்கான், வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பேர், பள்ளிக்கூடத்தில் நவநீதன், கல்லூரியில் நவநீதன், கரூர் பைபாஸ் விபத்தில் லாரிக்குப் பின்னால் போலீஸ்காரர் நோட்டில் எழுதியது நவநீதன், வயது பத்தொன்பது. அப்பா, அம்மா, நான், மூன்று பேருக்கு வெளியே அந்தப் பேர் போனதில்லை. இப்போது இருநூறு பேர் நடுவில் கத்துகிறார்கள்.

சரி, அது தம்பியுடைய கார்டு, அவ்வளவுதான், அதில் என்ன இருக்கிறது, நான்தான் கொண்டுபோய் அந்த ரிப்பேர் கடையில் கொடுத்தேன், எங்கேயோ யாரிடமோ போய்த்தானே ஆக வேண்டும், குளித்தலைக்குப் போயிருக்கிறது, என் குழுவுக்கே வந்திருக்கிறது, உலகம் சின்னது என்று சொல்லிக்கொள்ளலாம். மூச்சு விடு கோகிலா. தண்ணீர் குடி. குடிக்கிறேன். கௌசிகன் நிறுத்தவில்லை. “அந்தக் கார்டுல கடைசியா சேமிச்ச தேதியும் நேரமும்கூட இருக்குதுங்க. இத்தனை வருசம் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். ரெண்டாயிரத்து ஆறு, ஜூலை பத்தொன்பது, மத்தியானம் மூணு மணி பன்னண்டு நிமிசம். எந்தக் கருவிங்க ஒரு மனுசனோட ஒரு மத்தியானத்தை இப்படிப் பத்திரமா வெச்சிருக்கும்?” ஜூலை. ஜூலை பத்தொன்பது. தப்பாகக் கேட்டிருப்பேன். இல்லை, பன்னண்டு நிமிசம் என்று அழுத்திச் சொன்னான். நவநீதன் போனது மார்ச். மார்ச் பதினொன்று, சனிக்கிழமை. மேசைக்கு அடியில் விரலை மடக்குகிறேன், மார்ச்சில் இருபது நாள், ஏப்ரல் முப்பது, மே முப்பத்தொன்று, ஜூன் முப்பது, ஜூலை பத்தொன்பது. நூற்றுமுப்பது. மறுபடி எண்ணுகிறேன். நூற்றுமுப்பது. எத்தனை முறை எண்ணினாலும் அவன் செத்து நூற்றுமுப்பதாவது நாள் மத்தியானம் டுமுக்கான் எங்கேயோ ஒரு ஊரில் வாளை வைத்துக்கொண்டு நின்று, இதுவரை போதும் என்று பொத்தானை அழுத்தியிருக்கிறான். ஏசி என் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. முதுகில் வியர்க்கிறது.

ஆனால் அந்த மத்தியானங்கள் எனக்குத் தெரியும். தெரியாதது போல் ஏன் நடிக்கிறேன், யாரிடம் நடிக்கிறேன். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன், ஆடிக்காற்று, கரூரில் ஆடிக்காற்று என்றால் சும்மா இல்லை, மண்ணை வாரிக்கொண்டு வந்து கதவையெல்லாம் அடிக்கும், நான் கூடத்தில் போட்டித் தேர்வுப் புத்தகத்தை விரித்து வைத்துப் படுத்திருப்பேன். அப்பாவுக்கு அந்த வருஷம் தருமபுரியில் உத்தியோகம், ஞாயிறு மட்டும் வருவார். வீட்டில் நானும் அம்மாவும். மேலே மாடி அறை, நவநீதனுடையது, அவனுடைய பழைய டிவி, தரையில் விரித்த கோரைப்பாய், அந்தக் கருவி. மூன்று மணி வாக்கில் மேலே டிவி போடும் சத்தம் கேட்கும், பழைய டிவிக்கு ஒரு சத்தம் உண்டே, டம் என்று கண்ணாடிக்குள் ஏதோ விழுவது போல. பிறகு அதிர்வு. வீரனுக்கு அடி விழும்போது அந்த ஜாய்ஸ்டிக் நடுங்கும், தம்பி அதை எப்போதும் மடியில் வைக்காமல் தரையில் வைத்துத்தான் விளையாடுவான், மொசைக் தரையில் அது நடுங்கினால் கீழே கூடத்துக் கூரையில் ம்ம்ம் என்று வண்டு போல் இறங்கும். உயிரோடு இருந்தபோது அந்தச் சத்தத்துக்காக எத்தனை சண்டை, டேய் மடியில வெச்சு விளையாடுடா என்று கத்தியிருக்கிறேன். அவன் போன பிறகு முதல் முறை அது இறங்கியபோது நான் கத்தவில்லை. புத்தகத்தில் ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா என்று நினைத்தேன். பின்கட்டில் அம்மாவின் பாய் காலியாக இருந்தது, நான் எட்டிப் பார்த்தேன், ஆமாம், காலியாகத்தான் இருந்தது, அதனால் அம்மா மேலே போயிருக்கிறாள், அவன் தொட்டதைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், தொடட்டும். எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாள். படியேறிப் பார்க்க எழுந்ததில்லையா என்றால் எழுந்திருக்கிறேன், ஒரே ஒரு நாள் ஏழாவது படி வரை, கதவு சாத்தியிருந்தது, அடியில் கோடாக நீல வெளிச்சம் ஆடியது, திரும்பிவிட்டேன். மேலும் மேலும் அம்மா மெலிந்துகொண்டே போனாள். மறுவருஷம் பிப்ரவரியில் எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும் முதல் காரியமாக, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், அதைக் கட்டைப்பையில் போட்டுக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தேன். அம்மாவை அந்த அறையிலிருந்து இறக்கத்தான். வந்து பார்த்துவிட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாவம், பிடிபட்டுப்போனவள் போல் அரிசி களைந்துகொண்டிருந்தாள் என்று நினைத்தேன். ஆக, ஜூலை பத்தொன்பது அம்மாதான். அவ்வளவுதானே. தோள் இறங்குகிறது. அறுபத்து மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் அவனுடையது, மிச்சம் அம்மாவுடையது. தமிழ் தவிர ஒன்றும் படிக்கத் தெரியாத அம்மா, செல்போனில் அழைப்பை எடுக்கவே நான் நாலு முறை சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்த அம்மா. அந்த இடத்தில் நினைப்பு மாட்டிக்கொள்கிறது. நகர மறுக்கிறது. எப்படிச் சேமித்தாள்.

மணி அடிக்கிறார்கள். எதிரணி மறுப்புக்கு ஒரு நிமிடம், ஷெரின் மைக்கைப் பிடுங்குகிறாள். “நடுவர் அவர்களே, அந்தத் தேதியை நம்பாதீங்க! பி.எஸ். டூக்குள்ள கடிகாரத்துக்கு ஒரு குட்டி பேட்டரி உண்டு, அது செத்துப்போச்சுன்னா வாய்க்கு வந்த தேதியைக் காட்டும். ஞாபகசக்தி பெருசுன்னு பீத்திக்கிற கருவிக்கு இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியாது!” ஓ என்று அரங்கம் எழுகிறது. பேட்டரி. நன்றி ஷெரின், உனக்கே தீர்ப்பு தந்துவிடலாம். பேட்டரி செத்தால் தேதி மாறும், ஆனால் சத்தம் எப்படி வரும், கூரையில் இறங்கிய வண்டுக்கு எந்தப் பேட்டரி. “தேநீர் இடைவேளை, பத்து நிமிஷம், அப்புறம் நம்ம நடுவரோட தீர்ப்பு!” என்கிறாள் மாலினி. எழுகிறேன், கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, வழியில் யாரோ சமோசா நீட்ட, வேண்டாம் என்று தலையாட்டி, கனமான தீத்தடுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டுக்கு வருகிறேன். இங்கே யாரும் இல்லை. கதவு மூடியதும் அரங்கச் சத்தம் கத்தியால் வெட்டியது போல் நின்றுவிடுகிறது. அம்மாவுக்குப் போன் போடுகிறேன். கரூரில் அதே வீட்டில் தனியாக இருக்கிறாள், அப்பா போய் ஆறு வருஷம், கோயம்புத்தூருக்கு வா என்றால் வரமாட்டாள். மணி போகிறது. போகிறது. எடுக்காதே அம்மா, எடுக்காமல் இருந்தால் நல்லது.

“சொல்லு கண்ணு. சாப்பிட்டியா?” என்கிறாள். “சாப்பிட்டேம்மா. ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது.” “என்ன சாமி, குரல் ஒரு மாதிரி இருக்குது?” சுவரில் நான்கு என்று பெரிதாக எழுதியிருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே கேட்கிறேன். “நவநீதன் போன அந்த வருசம், ஆடி மாசம், மத்தியானத்துல நீ மேல போயி அவன் கேம் விளையாடுவியே, அதை எப்படிம்மா கத்துக்கிட்ட?” லைன் இருக்கிறதா என்று பார்க்கிறேன், இருக்கிறது, அம்மாவுக்குப் பின்னால் எங்கேயோ காக்காய் கத்துகிறது. “நானா?” என்கிறாள். “நான் எங்க கண்ணு விளையாடினேன். நீதானே விளையாடுவ.” “இல்லம்மா.” “என்ன இல்ல. நான் கொல்லையில துணிக்கல்லு மேல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருப்பேனே தினமும். மேல ஜன்னலு தொறந்துதானே கிடக்கும். அந்த கர்ர்ருனு சத்தம். அவன் நெனப்புல புள்ள விளையாடுது, நாம உள்ள போனா வெக்கப்பட்டுக்கிட்டு நிறுத்திரும்னு, நீ எறங்கி வர்ற வரைக்கும் நான் வீட்டுக்குள்ளயே வரமாட்டேன்.” “நான் கூடத்துல படுத்திருந்தேம்மா. நீ மேல இருக்கேன்னு நினைச்சேன். உன் பாய் காலியா இருந்துச்சு.” “கொல்லையில இருந்தேன்னு சொல்றனே.” படிக்கட்டு ஒவ்வொரு மாடியாகக் கீழே இறங்கி இருட்டாக முடிகிறது, நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்கிறேன், அது குளிர்ச்சியாக இருக்கிறது. எத்தனை நாள். ஆடி முழுக்க, ஆவணியில் பாதி, அவள் வெளியே, நான் கூடத்தில், நடுவில் மாடிப்படி, ஒருத்திக்காக ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு. “நீ அதைக் கொண்டுபோயிக் கடையில குடுத்த அன்னைக்கு எனக்கு நெஞ்சு வெடிச்சுப்போச்சு கண்ணு” என்கிறாள் அம்மா, மெதுவாக. “ஆனா புள்ளைக்கு மனசு ஆறிப்போச்சு, அதான் குடுத்துட்டான்னு வாயைத் தொறக்கல.” உனக்கு ஆறட்டும் என்றுதான் கொடுத்தேன் என்று சொல்ல வருகிறேன். பயந்துவிடுவாள், தனியாக இருக்கிறவள், ஏதாவது சொல்லி மூட வேண்டும், பேட்டரி என்று சொல்லலாம், பக்கத்து வீட்டுச் சத்தம் என்று சொல்லலாம். அதற்குள் அவளே கேட்கிறாள், பயந்த குரல் இல்லை, பரீட்சை எழுதிவிட்டு வந்தவனைப் பற்றிக் கேட்கிற குரல். “கண்ணு. முடிச்சுட்டானா?” “என்னம்மா?” “அந்த ஆட்டத்தை. முடிச்சுட்டானா அவன்?”

அந்த மெஷினும் கார்டும் இங்கே ஒரு பையனிடம் இருக்கிறது, கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கதவைத் தள்ளினால் மறுபடி அரங்கம், வெளிச்சம், தேநீர் வாசம். கௌசிகன் மேசைக்குப் பக்கத்தில் காகிதக் கோப்பையோடு நிற்கிறான். “என்னக்கா, தீர்ப்பு எங்களுக்குத்தானே?” “கௌசிக், அந்தக் கார்டு. அதுல கேம் முடிஞ்சிருச்சா?” “இல்லைங்க்கா. கடைசிச் சண்டை பாக்கி இருக்குது, அதுல ஜெயிக்காம மறுபடி சேமிக்க முடியாது. அதுக்கு முன்னாடி ஒரு கோட்டை வாசல், அங்க நிக்குறாரு. ஏனுங்க்கா?” “அது என் தம்பியோடது.” கோப்பை பாதி வழியில் நிற்கிறது. என்னைப் பார்க்கிறான், சிரிக்கலாமா என்று பார்க்கிறான், என் முகத்தில் என்ன இருந்ததோ, கோப்பையை மேசையில் வைத்துவிடுகிறான். “இப்ப அவரு...” “ரெண்டாயிரத்து ஆறு மார்ச்சுல போயிட்டான்.” அவன் உதடு அசைகிறது, ஏப்ரல், மே, ஜூன், எண்ணுகிறான், நான் எண்ணியது போலவே எண்ணுகிறான், எண்ணி முடித்ததும் அவன் கண் என்னை விட்டு விலகி ஷெரின் பக்கம் போகிறது. “பேட்டரியா இருக்கும்க்கா. ஷெரின் சொன்னது நிசந்தான். தேதி தப்பாத்தான் காட்டும்.” நல்ல பிள்ளை. “ஆமா, பேட்டரிதான்” என்கிறேன். “அந்த மெசினையும் கார்டையும் எனக்கு ஞாயித்துக்கிழமைக்குக் குடுக்க முடியுமா?” “எடுத்துக்கங்க்கா. திருப்பியே தர வேண்டாம்” என்கிறான், சட்டென்று, அது இன்னும் ஒரு ராத்திரி தன் வீட்டில் இருக்க வேண்டாம் என்பது போல. “இன்னைக்குச் சாயங்காலமே கொண்டாந்து குடுத்தர்றேன்.”

மேடையில் இருக்கிறேன். மைக் வாய்க்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது, என் மூச்சு அரங்கம் முழுக்கக் கேட்கிறது, சிரித்த முகம் சிரித்த முகம் என்று மாலினி கீழிருந்து தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். ஷெரின் அணி சொன்னதில் உள்ள நியாயத்தைச் சொல்கிறேன், குடும்பமே சேர்ந்து உட்கார்ந்ததைச் சொல்கிறேன், கேசட்டை ஊதியதைச் சொல்கிறேன், சிரிக்கிறார்கள், போனா போனதுதான் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்கிறேன், அந்த இடத்தில் ஏனோ யாரும் சிரிக்கவில்லை. எந்த முடிவும் எடுக்காமல்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், வாக்கியம் தானாக நடந்து போகிறது, அதன் பின்னால் நான் போகிறேன். “ஆனாலும் தலைசிறந்தது பி.எஸ். டூதான்” என்று முடிகிறது. ஒரு பக்கம் துள்ளி எழுகிறது, மறுபக்கம் காரணம் காரணம் என்று மேசையைத் தட்டுகிறது, கௌசிகன் மட்டும் கை தட்டாமல் உட்கார்ந்திருக்கிறான். காரணம் சொல்ல வாய் திறக்கும்போது கையிலிருந்த போன் நடுங்குகிறது, அம்மா. நடுவர் மேடையில் போன் எடுக்கக் கூடாது. எடுக்கிறேன். மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, “இன்னும் ஒரு சண்டை பாக்கியாம்மா” என்கிறேன். “நெனச்சேன்” என்கிறாள் அம்மா. “அதுக்குள்ள நீ குடுத்துட்ட. பரவால்ல விடு. ஞாயித்துக்கிழமை வாங்கிட்டு வந்துரு கண்ணு, நான் மாடி ரூமைக் கூட்டி, ஜன்னலத் தொறந்து வெக்கிறேன். மேல எல்லாத்தையும் மாட்டி வெச்சுட்டு நீ கதவைச் சாத்திக்கிட்டு எறங்கி வந்துரு. இந்தத் தடவை நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் வேண்டாம். ரெண்டு பேரும் கூடத்துலயே ஒண்ணா உட்கார்ந்துக்கலாம்.”